நான்காவதாக ஒரு கல்

என் மகள் யாழினியின் கைக்கு அந்தக் கல் எப்படி வந்தது? மலேசியாவின் மலாக்காவிலிருந்து திருச்சி திரும்பி மாதக்கணக்காகிறது. அங்கே எடுத்த படங்களை வரிசையாகப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒரு படத்தில் அவள் வெறுங்கையோடு ஒரு பாழடைந்த வீட்டின் பக்கச் சுவரைத் தாண்டிப் போகிறாள். அடுத்து அவள் வரும் படத்தில் கல் அவள் பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நான் எடுத்தது ஒரு செம்பருத்திப் பூ. வெளிச்சம் அளவாக விழுந்து, பின்னணி அழகாகக் கலங்கிய பூ. வகுப்பில் ஆசிரியர் பாராட்டிய ஒரே படம் அதுதான்.

யாழினியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது அவளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. காது நன்றாகக் கேட்கும். சொன்னது புரியும். பேச்சு மட்டும் வரவில்லை. அம்மா, தண்ணி, வேணாம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான். இரண்டு சொற்களைச் சேர்த்து அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். கர்ப்பமாக இருந்தபோது எதையாவது தவறாகச் சாப்பிட்டேனா, கைப்பேசியைக் கையில் கொடுத்தது தவறா, நானே அதிகம் பேசாதவளாக இருப்பதுதான் காரணமா என்று தினமும் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்து என் மேல் போட்டுக்கொள்வேன்.

அதைப் பார்த்துத்தான் என் கணவர் யாரோ விற்ற பழைய கேமரா ஒன்றை வாங்கித் தந்தார். "உனக்குன்னு ஏதாவது ஒண்ணு செய்" என்றார். வாரக் கடைசியில் இணைய வகுப்பில் சேர்ந்தேன். பயணப் படங்கள் எடுக்கக் கற்றுத்தரும் வகுப்பு. நானோ எங்கும் பயணம் போகாதவள். ஆசிரியர் அடிக்கடி ஒன்று சொல்வார்: கேமராவில் ஒரு கண்ணை வைக்கும்போது மறு கண்ணை மூடக் கூடாது, படத்தின் சட்டத்துக்கு வெளியே என்ன நடக்கிறதென்று அந்தக் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது மட்டும் வரவே இல்லை. ஒரு கண் திறந்தால் இன்னொன்று தானாக மூடிக்கொள்ளும்.

இந்த நேரத்தில் மலாக்காவில் என் கணவரின் அக்கா, சாந்தி அண்ணி, புது வீடு குடிபோனார். தம்பி வீட்டுச் சீர் போக வேண்டும். தம்பிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. குத்துவிளக்கையும் பட்டுப்புடவையையும் எடுத்துக்கொண்டு யாழினியோடு நான் புறப்பட்டேன். கிளம்பும் முன் ஆசிரியர் எனக்கென்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஆளே இல்லாத ஓர் இடத்தைப் படமெடுக்க வேண்டும். ஆனால் பார்க்கிறவருக்கு அங்கே ஆள் இருப்பது தெரிய வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து மலாக்கா போகும் பேருந்து பாதி வழியில் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுவிட்டது. நம் ஊராக இருந்தால் ஓட்டுநரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும். இங்கே யாரும் இருக்கையை விட்டு எழவில்லை. முன்னால் இருந்த சீனப் பெண்மணி ஒரு பொட்டலத்தைப் பிரித்து அமைதியாகச் சாப்பிட ஆரம்பித்தார். யாழினிக்கு ஒரு ஆரஞ்சுச் சுளையை நீட்டினார்.

சாலையின் இரண்டு பக்கமும் பாமாயில் எடுக்கும் செம்பனை மரங்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் வரிசை. தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு சந்து மூடி இன்னொரு சந்து திறக்கும். ஒவ்வொரு சந்தின் கடைசியிலும் இருட்டு, நல்ல வெயில் நேரத்திலும். நான் கேமராவை எடுத்துக் கண்ணாடி வழியாக இரண்டு படம் எடுத்தேன். யாழினி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு மரங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எதற்கும் கையசைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மலாக்கா பேருந்து நிலையத்தில் அண்ணியின் கணவர் குமரேசன் அண்ணன் காத்திருந்தார். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் வேலை. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். "காடி கொஞ்சம் தள்ளி இருக்கு மா, நடந்துருவோம்" என்றார். காடி என்றால் கார் என்று எனக்குப் புரிவதற்குள் பெட்டியை ஏற்றிவிட்டிருந்தார்.

புக்கிட் காத்திலில் அண்ணியின் வீடு இருந்த தாமான் முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள். தாமான் என்றால் நம் ஊர் நகர் மாதிரி. முதல் நாளே குப்பை போடப் போய்த் திரும்பும்போது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். அந்த மலாய்க்கார அம்மா சிரித்துக்கொண்டே அடுத்த வாசலைக் கைகாட்டினார்.

காலையில் எழுந்ததும் எல்லாரும் என்னைக் கேட்ட கேள்வி, "பசியாறிட்டீங்களா?" நாம் மேடையில் மட்டும் பேசும் சொல்லை அவர்கள் தோசைக்குப் பயன்படுத்துகிறார்கள். பேச்சின் கடைசியில் ஒரு 'லா' வேறு ஒட்டிக்கொள்ளும், நம் 'பா' மாதிரி. தோசைக்குத் தொட்டுக்கொள்ள நெத்திலி போட்ட சம்பல். முதல் வாய்க்குக் கண்ணில் நீர் வந்தது. நான்காவது நாளுக்குள் அது இல்லாமல் தோசை இறங்கவில்லை. காபியில்தான் தோற்றுவிட்டார்கள். இனிப்புப் பால் ஊற்றிய அந்தக் காபியைக் குடித்து முடிப்பது எனக்கு ஒரு கடமையாகவே இருந்தது.

குடிபோகும் விழா நன்றாக நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் யாழினியைக் கொஞ்சினார்கள். கொஞ்சிவிட்டு அவள் பதில் சொல்லாததைப் பார்த்து என் முகத்தைப் பார்த்தார்கள்.

"பிள்ள பேசாதா மா?"

"பேசுவா. கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லியிருக்காங்க."

"எங்க பக்கத்து வீட்டுப் பையன் அஞ்சு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல லா. இப்ப நிறுத்தச் சொல்லிக் காசு குடுக்கணும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்த் தேவையில்லாமல் பாத்திரம் துலக்கினேன்.

வீட்டுப்பாடத்தைப் பற்றி அண்ணியிடம் சொன்னபோது குமரேசன் அண்ணன் காதில் விழுந்தது. "ஆளில்லாத எடம் தானே? நான் பொறந்த எடத்தக் காட்டுறேன் வா" என்றார். அவருக்கு வேலை இல்லாத நாளில் அவரும் நானும் யாழினியும் கிளம்பினோம். அண்ணி விருந்து மிச்சங்களைச் சமாளிக்க வீட்டில் தங்கிவிட்டார்.

செங் தொழிற்பேட்டையைத் தாண்டி, பெரிய சாலையை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் போனோம். பாதை பிரியும் இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதை நடத்தும் பேச்சி அக்கா, அண்ணனுக்குத் தூரத்து உறவு. ஐம்பதைத் தொடும் வயது, பெரிய குரல். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"இந்தியாலேருந்து பிளேன் ஏறி வந்து இடிஞ்ச லயத்தயா படம் புடிக்கிற தங்கச்சி? தாமான்ல உங்க அண்ணன் அரண்மன மாதிரி கட்டி வச்சிருக்காரு, அத எடுக்கலாம் லா."

"அத எடுத்தா எந்த வீடுன்னு தெரியாது அக்கா" என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. கடையைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு, "நானும் வாரேன்" என்று காரில் ஏறிக்கொண்டார்.

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரே கூரை, பல வாசல். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் தமிழர்கள் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். தகரக் கூரை துருப்பிடித்து, பலகைச் சுவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே செடிகள் முளைத்திருந்தன. முன்னால் ஒரு திறந்த மைதானம். அங்கே புல் மட்டும்தான் இருந்தது, ஆனால் கணுக்காலுக்கு மேல் வளரவில்லை.

நான் படமெடுக்க ஆரம்பித்தேன். சட்டை மாட்டும் ஆணி. கதவுநிலையில் மஞ்சள் பூசிய தடம். துவைத்துத் துவைத்து நடுவில் குழிந்த சிமெண்டுத் திட்டு. ஒவ்வொன்றும் ஆசிரியர் கேட்டதுபோலவே அமைந்தது. ஒரு வாசற்படி மட்டும் என்னைத் தயங்க வைத்தது. எல்லாப் படிகளிலும் சருகு குவிந்திருக்க, அந்த ஒன்று துப்புரவாக இருந்தது.

"இந்தப் படிய யாரு அக்கா பெருக்குறது?"

பேச்சி அக்கா எட்டிப் பார்த்தார். "நான் இல்ல லா. எனக்கு என் வீட்டப் பெருக்கவே நேரமில்ல. கொரங்கு பெருக்குதோ என்னமோ!"

அண்ணன் சிரித்தார். சிரித்தவர் அந்தப் படியில் உட்காரப் போய், உட்காராமல் பக்கத்துப் படிக்குப் போனார்.

நினைவுக்கு ஒரு படம் வேண்டும் என்று அண்ணன்தான் சொன்னார். யாழினியை நடுவில் விட்டு இரண்டு பேரும் நிற்க வேண்டும். பேச்சி அக்கா சட்டென்று விலகினார்.

"மூணு பேரா நிக்க மாட்டேன் லா. தங்கச்சி, நீயும் வந்து நில்லு."

"அப்ப யாரு அக்கா எடுக்கறது?"

"அதானே. அண்ணே, ஒரு கல்லு எடுங்க."

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக் கூடாது, போனால் கையில் ஒரு கல்லை எடுத்துக்கொள், அது நான்காவது ஆள் என்று என் அம்மாவும் சொல்வார். பேருந்து நிறுத்தம் வந்ததும் கல்லைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். கடல் கடந்து வந்தும் அதை விடாமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

"யாழி குட்டி, மாமாவுக்கு ஒரு கல்லு எடுத்துட்டு வா" என்றார் அண்ணன், விளையாட்டாக. அவள் எப்போதும் சொன்னதும் செய்கிற பிள்ளை இல்லை. அன்று உடனே திரும்பி, லயத்தின் பக்கச் சுவரைத் தாண்டி நடந்தாள். அவள் முதுகை ஒரு படம் எடுத்தேன். பின்னாலேயே போயிருக்க வேண்டும். சுவர் ஓரத்தில் அந்தச் செம்பருத்தி பூத்திருந்தது. மேகம் விலகி ஒரு கீற்று வெயில் அதன்மேல் மட்டும் விழுந்தது. குனிந்து, மறு கண்ணை மூடிக்கொண்டு, அதை எடுத்தேன்.

நிமிர்ந்தபோது யாழினி கல்லோடு நின்றாள். கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்பு. ஆற்றில் கிடந்த கல் மாதிரி வழவழப்பு. மழை பெய்யவில்லை, ஆனால் கல் ஈரமாக இருந்தது.

பேச்சி அக்கா அதை வாங்கி யாழினியின் பக்கத்தில், படியின் மேல் வைத்தார். "இந்தா, நாலு பேரு ஆச்சு. எடு லா."

என் கேமராவில் முகங்களைத் தேடிப் பிடிக்கும் வசதி உண்டு. கண்டுபிடித்த முகத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் சதுரம் போடும். அண்ணன் முகத்தில் ஒன்று, அக்கா முகத்தில் ஒன்று, யாழினி முகத்தில் ஒன்று. நான்காவது சதுரம் கல்லின் மேல் விழும் என்று சிரிக்கத் தயாராக இருந்தேன். அது கல்லின் மேல் விழவில்லை. கல்லுக்கு மேலே, யாழினியின் தோள் உயரத்தில், வெறும் பலகைச் சுவரில் விழுந்தது. நடுங்கி, நகர்ந்து, நின்றது. நான் பொத்தானை அழுத்தினேன்.

உடனே மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழைக்குத் தூறல் என்ற ஆரம்பமே கிடையாது. காருக்கு ஓடினோம். சக்கரம் செம்மண்ணில் புதைந்து சுற்றியது. அண்ணன் ஓட்ட, நானும் பேச்சி அக்காவும் பின்னால் நின்று தள்ளினோம். முழங்கால் வரை சேறு. கார் விடுபட்டு, அக்காவைக் கடையில் இறக்கியபோது அவர் சன்னல் வழியாகக் கேட்டார்:

"கல்ல எடுத்த எடத்துல வச்சிட்டீங்க தானே?"

"வச்சாச்சு வச்சாச்சு" என்றார் அண்ணன். அவர் நான் வைத்தேன் என்று நினைத்திருக்கிறார். நான் அவர் வைத்தார் என்று நினைத்தேன். இங்கே எறிந்துவிட்டுப் போவதுபோல அங்கே போக முடியாது என்பதே எனக்கு அந்தக் கேள்வியில்தான் தெரிந்தது.

வீட்டில் யாழினியைக் குளிக்கவைக்கக் கவுனைக் கழற்றியபோது கல் அதன் பையிலிருந்து விழுந்தது. தரையில் உருளவில்லை. விழுந்த இடத்திலேயே நின்றது. அவள் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அண்ணியிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் சாப்பாடு எடுத்துவைத்தார்கள். அண்ணன், அண்ணி, நான், யாழினி, நான்கு பேருக்கும் தட்டு வந்தது. யாழினி மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னொரு தட்டு வேணும்."

என் மகள் பேசிய முதல் வாக்கியம் அது. நான் அழுதேன். அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணன் திருச்சிக்கு வீடியோ அழைப்புப் போட்டார். அங்கே என் கணவர் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி அப்போதே ரவையை வறுத்துக் கேசரி கிண்டினார். இன்னொரு தட்டும் வந்தது. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கல்லைப் பற்றிப் பேசவும் இல்லை.

மறுநாள் படத்தை அச்சுப்போட ஊருக்குள் போனோம். பழைய கடைத்தெருவில் ஒரு பாய் கடை. பாஸ்போர்ட் படம், கைப்பேசி உறை, குடை எல்லாம் விற்பார். அவருடைய தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்தவராம். நான் திருச்சி என்றதும், "அப்ப நாம பக்கத்து ஊரு" என்றார். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர்தான்.

கணினித் திரையில் படத்தைத் திறந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கு மா. தலைக்கு ஒண்ணு போட்டுருவோம். நாலு காப்பி."

"மூணு போதும் பாய்."

"நாலு பேரு இருக்காங்களே." விரலைத் திரைக்குக் கொண்டுபோனார். விரல் அண்ணனிடம் நின்றது, அக்காவிடம் நின்றது, யாழினியிடம் நின்றது. பிறகு எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "மூணு தான். காலைலேருந்து திரையவே பாத்துட்டு இருக்கேன், கண்ணு பூத்துப்போச்சு."

ஆனால் உறையைப் பிரித்தபோது உள்ளே நான்கு இருந்தன. மூன்றுக்குத்தான் பணம் வாங்கியிருந்தார். அண்ணி, "விடு லா, ஒண்ணு கூட இருந்தா நல்லதுதானே" என்று கைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து எல்லாருமாகச் செண்டோல் சாப்பிட்டோம். ஐஸ் சீவலில் தேங்காய்ப்பாலும் கறுப்புச் சர்க்கரைப் பாகும் ஊற்றியது. யாழினி ஒரு கரண்டி சாப்பிட்டாள், ஒரு கரண்டியைப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள், பிறகு அதையும் தானே சாப்பிட்டாள்.

கிளம்பும் நாளில் விமான நிலையச் சோதனையில் யாழினியின் குட்டிப் பை மாட்டியது. அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண். கல்லை வெளியே எடுத்து, "கல்லா? எதற்கு?" என்று கேட்டுச் சிரித்தார். குழந்தை விளையாடுவது என்றேன். அவர் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. வேறெதுவும் கேட்காமல், பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் அதை யாழினியிடம் கொடுத்தார்.

அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். இதை நான் நினைக்காத நாள் இல்லை. ஆனால் அன்று காலை அவள் என்னிடம், "அம்மா, மேகத்துக்கு மேல போவோமா?" என்று கேட்டிருந்தாள். நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த குரல். அதோடு வந்த எதையும் தொட எனக்குத் துணிவில்லை.

ஊருக்கு வந்தபின் பேச்சு பெருகியது. பயிற்சி கொடுப்பவர் வியந்தார். புது இடம், புது மனிதர்கள், சில பிள்ளைகளுக்கு இப்படித் திறந்துகொள்ளும் என்றார். நான் நம்பினேன். அவள் "வா லா" என்றபோதும், "பசியாறியாச்சா?" என்றபோதும் நம்பினேன். அதெல்லாம் அண்ணி வீட்டில் கேட்டவை.

ஒரு காலை இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அவள் சன்னலைப் பார்த்தாள். "சீக்கிரம் குடு. பெரட்டுக்கு நேரமாச்சு. பேர் கூப்புடுவாங்க" என்றாள்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. குமரேசன் அண்ணனைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டேன்.

"பெரட்டுன்னா தோட்டத்துல விடியக்காலைல ஆள் எண்ணுறது மா. அந்த மைதானத்துல வரிசையா நிப்பாங்க, கிராணி, அதான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, பேர் கூப்புடுவாரு. நான் சின்னப் பிள்ளையா இருக்கிறப்பவே நின்னுபோச்சு. யாரு சொன்னா உனக்கு?"

"யாழினி. நீங்க அன்னைக்கு அவகிட்ட சொன்னீங்களா அண்ணே?"

"சொல்லியிருப்பேன்... சொன்னேனா? ஞாபகம் இல்லயே மா."

அப்போதுதான் கல்லைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் பேச்சி அக்காவின் எண்ணைக் கொடுத்தார். அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கல் என்ன நிறம், எவ்வளவு பெரிசு, வழவழப்பா என்று மட்டும் கேட்டார்.

"அங்க சுத்துவட்டாரத்துல அந்த மாதிரிக் கல்லு கெடையாது தங்கச்சி. எல்லாம் செம்மண்ணு. அது யாரோ வச்ச கல்லு."

"எதுக்கு அக்கா?"

"பொறந்து தங்காத புள்ளைங்கள லயத்துக்குப் பின்னாலயே பொதச்சு வப்பாங்க, அந்தக் காலத்துல. மேல ஆத்துக்கல்லு ஒண்ணு. எங்க அம்மாவும் வச்சிருக்காங்க. எனக்கு மூத்தவன்." பின்னால் கடையில் யாரோ தேநீர் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி வந்தார். "எங்க அண்ணனாக்கூட இருக்கும் லா. பத்திரமா பாத்துக்க. தபால்ல கிபால்ல அனுப்பிடாத. ஆளுன்னு சொல்லி எண்ணியாச்சு. கூட்டிட்டுப் போனவங்கதான் கூட்டிட்டு வந்து, எடுத்த எடத்துலயே விடணும்."

எடுத்த இடம். மாலையில் யாழினியை மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். இப்போதுதான் அவளுக்குப் பேச்சு வருமே.

"இந்தக் கல்ல எங்கேருந்து எடுத்த கண்ணு?"

"நான் எடுக்கல மா."

"பின்ன?"

"குடுத்தாங்க" என்றாள். யார் என்று கேட்டேன். நான் வேண்டுமென்றே தெரியாததுபோலக் கேட்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே இறங்கி ஓடிவிட்டாள்.

ஒருமுறை கல்லை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். அவள் தேடவில்லை, அழவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அம்மா, தண்ணி, வேணாம். அந்தப் பழைய மூன்று சொற்கள். அன்று முழுவதும் சமையலறை வாசலில் பானையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் நானே எடுத்துக் கையில் கொடுத்தேன். "இருட்டா இருந்துச்சாம்" என்றாள்.

என் கணவருக்கு இதில் ஒன்றும் இல்லை. கல் ஒரு பிள்ளைக்குப் பொம்மை மாதிரி, பிடுங்கினால் எந்தப் பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும் என்கிறார். சரியாகத்தான் இருக்கும். குமரேசன் அண்ணன் காவிரியில் விட்டுவிடு என்கிறார். பேச்சி அக்காவின் பேச்சை மீறி அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நான் கேமராவை அலமாரியில் வைத்துவிட்டேன். போன வாரம் யாழினி அதைத் தானே தூக்கி வந்து, "அப்பாவையும் கூப்புடு. நாலு பேரும் நிப்போம்" என்றாள். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

நேற்று அண்ணி அழைத்தார். அந்த லயத்தை இடித்துத் தாமான் கட்டப் போகிறார்களாம், இயந்திரங்கள் வந்து நிற்கின்றனவாம். இடித்துவிட்டால் பிறகு திருப்பி வைக்க இடமே இருக்காது. போவதென்றால் இப்போதே போக வேண்டும், அவளையும் அழைத்துக்கொண்டு. அந்தச் சுவருக்குப் பின்னால் அவள் காட்டும் இடம்தான் இடம். இந்த முறை இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கல்லை வைத்துவிட்டுத் திரும்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை என்னோடு பேசிக்கொண்டு வருவாளா என்பதுதான் தெரியவில்லை.

தோட்டங்களில் வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பேச்சு தாமதமாக வந்த பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். இப்படி எண்ணிக்கைக்கு எடுத்த ஒன்றைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தவர்கள் உங்களில் இருக்கிறீர்களா? வைத்த பிறகும் உங்கள் பிள்ளை பேசியதா?